அட்லாண்டாவிலிருந்து நாஷ்வில் வரை: மாமியாரும் மருமகளும் போன ஐந்து நாள்

முதல் நாள், மாண்ட்கோமரி

அமெரிக்காவுக்கு வரும் மாமியார்களை எல்லோரும் நயாகராவுக்குத்தான் அழைத்துப் போவார்கள். போன தடவை நானும் போய், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நனைந்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை நான் கேட்டது ஒரு பஸ் நிறுத்தம். மகனுக்கு லீவு இல்லை, மருமகளுக்கு இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன்" என்றான். ஐந்து நாள் ஒரே காரில் இவர்கள் தாங்குவார்களா என்ற கவலை அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. எங்களுக்கும் அது இல்லாமல் இல்லை.

அட்லாண்டாவிலிருந்து தென்மேற்கே இரண்டரை மணி நேரம். அலபாமா எல்லையைத் தாண்டியதும் செல்போன் கடிகாரம் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. அந்த லாபத்தில் வெயில் சாய்வதற்குள் கோர்ட் ஸ்கொயருக்குப் போய்விட்டோம். நடுவில் ஒரு பெரிய நீரூற்று. அதைச் சுற்றி ஒரு காலத்தில் அடிமைகளை ஏலம் விட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே, வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ், 1955 டிசம்பர் 1 மாலை அந்த பஸ்ஸில் ஏறிய இடம். இப்போது அங்கே அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. கைப்பை, கோட்டு, கண்ணாடி. பீடத்தில் ஏற்றாமல் நம் உயரத்துக்கே நிற்க வைத்திருக்கிறார்கள். மருமகள் பக்கத்தில் போய் நின்றாள். யாரோ இரண்டு பேர் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல்தான் இருந்தது.

நான் பள்ளியில் படித்த ரோசா பார்க்ஸ் ஒரு களைத்துப்போன தையல்காரம்மா. கால் வலித்ததால் எழுந்திருக்கவில்லை என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர் ஒரு கடையில் துணி திருத்தும் வேலை பார்த்தது உண்மை. ஆனால் அப்போது அவருக்கு வயது 42தான். கறுப்பின மக்களுக்கான உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளராகப் பல வருடம் இருந்தவர். 1944-ல் அலபாமாவின் ஆப்வில் ஊரில் ரீசி டெய்லர் என்ற பெண்ணை ஆறு வெள்ளையர்கள் சீரழித்தபோது, விசாரித்து வரச் சங்கம் அனுப்பியது இவரைத்தான். தனக்குக் களைப்பு என்றால் அது பணிந்து போவதில் வந்த களைப்பு மட்டும்தான் என்று அவரே பின்னால் எழுதினார்.

அந்த பஸ் டிரைவரும் புது ஆள் இல்லை. 1943-லேயே ஒரு தடவை இவரை இறக்கிவிட்டவர். முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கி, பின்வாசலுக்குப் போய் மறுபடி ஏற வேண்டும் என்று டிரைவர்கள் விரட்டுவார்கள். இடையில் வண்டியை எடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. 1955-ல் ஒரே ஒரு வெள்ளைக்காரர் உட்கார ஒரு வரிசையில் இருந்த நான்கு பேரும் எழ வேண்டியிருந்தது. மூன்று பேர் எழுந்தார்கள். ரோசா எழவில்லை. நகர்ந்து ஜன்னலோர இடத்துக்குப் போனார். எனக்கு அந்த நகர்வு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இரவு சாப்பாட்டுக்குப் போன இடத்தில் கீரையில் கறி இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லை அம்மா, கொஞ்சம் பன்றி இறைச்சி மட்டும்தான்" என்றார் அந்தப் பெண்மணி. சோள ரொட்டியோடு முடித்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள், மாண்ட்கோமரி

காலையில் ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகம். அவரைக் கைது செய்த இடத்திலேயே கட்டியிருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு முழுக்க என் மனசில் நின்றவர் வேறொரு பெண். ஜோ ஆன் ராபின்சன்.

இவர் அலபாமா ஸ்டேட் காலேஜில் ஆங்கிலப் பேராசிரியை. 1949-ல் கிறிஸ்துமஸ் சமயம், கிட்டத்தட்ட காலியாக இருந்த பஸ்ஸில், வெள்ளையருக்கு ஒதுக்கிய முன்பகுதியில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் அடிக்க வருவதுபோலக் கையை ஓங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அழுதுகொண்டே இறங்கி ஓடியவர், பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவரானார். 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதினார்: பஸ்ஸில் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் நாங்கள், எங்களை ஒழுங்காக நடத்தாவிட்டால் ஏற மாட்டோம். அதாவது ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை வருடம் முன்பே திட்டம் கையில் இருந்தது.

கைதான இரவு செய்தி வந்ததும், நள்ளிரவில் கல்லூரிக்குப் போனார். சக பேராசிரியர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் துணை. கல்லூரியின் சைக்ளோஸ்டைல் மெஷினில் விடியும்வரை துண்டறிக்கை ஓட்டினார்கள். ஒரே தாளில் மூன்று துண்டறிக்கை வருகிற மாதிரி தட்டச்சு செய்து, ஓட்டி, வெட்டி, கட்டுக் கட்டாகக் கட்டி, மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஊர் முழுக்கப் பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் அழகு நிலையங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பல்லாயிரம் பிரதிகள். இன்னொரு பெண்ணைக் கைது செய்திருக்கிறார்கள், அடுத்து நீங்களாக இருக்கலாம், உங்கள் மகளாகவோ தாயாகவோ இருக்கலாம், திங்கள்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள்.

சைக்ளோஸ்டைல் என்று படித்ததும் எனக்கு மூக்கில் அந்த வாடை வந்துவிட்டது. நான் திருநெல்வேலியில் தொலைபேசித் துறையில் இருந்தபோது சங்கத்துக்கு ஸ்டென்சில் வெட்டியது நான்தான். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு மெழுகுத் தாளில் அடிக்க வேண்டும். கொஞ்சம் வேகமாக அடித்தால் வட்டமான எழுத்துகள் எல்லாம் நடுவில் ஓட்டையாகிவிடும். தப்பு வந்தால் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதி, காயவிட்டு, அதன்மேல் திரும்ப அடிக்க வேண்டும். இருநூறு பிரதி ஓட்டினாலே தோள்பட்டை கழன்றுவிடும். விரல் நகத்துக்குள் போன மை மூன்று நாளைக்குப் போகாது, அந்தக் கையோடுதான் வீட்டில் மாவு பிசைய வேண்டும். அதனால்தான் சொல்கிறேன். அந்த ஓர் இரவில் அவர்கள் ஓட்டியது எவ்வளவு என்பது எனக்குக் கணக்காகத் தெரியவில்லை, வலியாகத்தான் தெரிகிறது. அதுவும் அரசாங்கக் கல்லூரியின் மெஷின். மாட்டியிருந்தால் வேலை போயிருக்கும்.

டிசம்பர் 5 திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின. அன்று மாலை ஹோல்ட் ஸ்ட்ரீட் தேவாலயத்தில் பெரிய கூட்டம். 26 வயது மார்ட்டின் லூதர் கிங் பேசினார், ஒரே இரவில் தலைவரானார். ரோசா பார்க்ஸ் மேடையில்தான் இருந்தார். நான் பேச வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். நீங்கள் பட்டதும் சொன்னதும் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

புறக்கணிப்பு 1956 டிசம்பர் 20 வரை 381 நாள் நடந்தது. சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த ஜார்ஜியா கில்மோர் என்ற அம்மா, புறக்கணிப்பு நடத்தியதற்காக கிங் மீது போட்ட வழக்கில் அவருக்காகச் சாட்சி சொன்னதற்காக வேலையை இழந்தார். வீட்டிலேயே சமைத்து விற்றார். பொரித்த கோழி, கேக், பை. அவரோடு சேர்ந்து சமைத்த பெண்கள் தங்கள் குழுவுக்கு வைத்த பெயர் 'எங்கிருந்தும் இல்லாத மன்றம்'. பணம் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் 'எங்கிருந்தும் இல்லை' என்று பொய் சொல்லாமல் சொல்லலாம் இல்லையா! அந்தக் காசில்தான் ஆட்களை ஏற்றிப்போன கார்களுக்கு பெட்ரோல் போட்டார்கள்.

கடைசியில் பஸ்ஸில் நிறம் பார்த்துப் பிரிப்பதற்கு எதிரான வழக்கை வென்றதும் பெண்கள்தான். ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, இதே ஊரில் எழுந்திருக்க மறுத்துக் கைவிலங்கோடு போனவள் 15 வயது கிளாடெட் கோல்வின். சின்னப் பெண், பிறகு கர்ப்பமும் ஆகிவிட்டாள். அவளை முன்னிறுத்தப் பெரியவர்கள் தயங்கினார்கள். ஆனால் நீதிமன்றத்துக்கு ஆள் வேண்டியிருந்தபோது அவள் வந்தாள். ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித் ஆகியோரோடு நான்கு வாதிகளில் ஒருத்தி. 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பை உறுதி செய்தது. அந்த வழக்கில் ரோசா பார்க்ஸ் பெயரே கிடையாது.

மதியம் டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயம். கிங் போதகராக இருந்த சிவப்புச் செங்கல் கட்டடம். அங்கிருந்தபடியே 1959-ல் மனைவியோடு ஒரு மாதம் இந்தியா வந்தார், கன்னியாகுமரி வரை. திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர்' என்று அறிமுகம் செய்தார்களாம். முதலில் சுருக்கென்று இருந்தது, பிறகு யோசித்தால் உண்மைதானே என்று பட்டது என்று அவரே ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். நம்மூரில் கேட்க வேண்டியதைத்தான் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

சாயங்காலம் குன்றின்மேல் இருக்கும் நினைவிடத்துக்குப் போனோம். கும்பல் கொலைகளில் இறந்தவர்களுக்காக 2018-ல் திறந்தது. துருப்பிடித்த இரும்புத் தூண்கள் எண்ணூறுக்கு மேல். மாவட்டத்துக்கு ஒன்று. முதலில் நம் கண் மட்டத்தில் நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை இறங்கிக்கொண்டே போகிறது, தூண்கள் தலைக்கு மேலே தொங்க ஆரம்பிக்கின்றன. ஒரு இடத்தில் ஒருவரைக் கொன்ற காரணம் எழுதியிருக்கிறது: வெள்ளையர் தெருவில் சும்மா நின்றதற்காக. இதைப் பற்றி இன்று இதற்கு மேல் எழுத வரவில்லை.

மூன்றாம் நாள், செல்மா

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மகன் போன் செய்தான். "ஒரு வருஷம் பதினஞ்சு நாள்னா 380தானே வரும்மா, 381னு போட்டிருக்கீங்க?" 1956 லீப் வருஷம்டா. பிப்ரவரி 29-ம் அவர்கள் நடந்துதான் போனார்கள்.

செல்மாவுக்கு ஐம்பது மைல் சொச்சம். வழியெல்லாம் மேய்ச்சல் நிலம், மரத்திலிருந்து சடை சடையாகத் தொங்கும் பாசி. 1965 மார்ச்சில் கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டு, செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு இதே சாலையில்தான் ஐந்து நாள் நடந்தார்கள். நாங்கள் எதிர்த்திசையில் போகிறோம்.

நடுவில் லௌண்ட்ஸ் மாவட்டம். மக்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். 1965 தொடங்கியபோது அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. செல்மாவில் நிலைமை கொஞ்சம் மேல், நூற்றுக்கு இரண்டு பேர். பதிவு அலுவலகம் மாதத்துக்கு இரண்டே திங்கட்கிழமைதான் திறக்கும். போனால் ஒரு தேர்வு. அப்புறம், ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் ஒருவர் இவர் நல்லவர் என்று கையெழுத்துப் போட வேண்டும். பட்டியலில் யாருமே இல்லாத ஊரில் யார் கையெழுத்துப் போடுவது? நம்ம ஆபீஸ்களில் எத்தனையோ சுற்றல் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு சாமர்த்தியத்தைப் பார்த்ததில்லை.

எட்மண்ட் பெட்டஸ் பாலம். அடிமை முறைக்காகப் போரிட்ட ஒரு தளபதியின் பெயர் இன்றும் அதன் நெற்றியில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. காரை இந்தக் கரையில் நிறுத்திவிட்டு நடந்தோம். படத்தில் பார்க்கும்போது தெரியாத ஒன்று நடக்கும்போது தெரிந்தது. பாலம் நடுவில் முதுகு தூக்கி இருக்கிறது. உச்சிக்குப் போகும்வரை அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது. அந்த நடைக்கு முதல் முயற்சி மார்ச் 7 ஞாயிறு. கிட்டத்தட்ட 600 பேர், பலர் கோயிலுக்குப் போட்ட உடுப்போடு, இரண்டிரண்டு பேராக ஏறி உச்சிக்கு வந்த பிறகுதான் கீழே வரிசையாக நின்ற போலீஸைப் பார்த்திருக்கிறார்கள். திரும்பலாம் என்றால் பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், கீழே ஆறு. நான் உச்சியில் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாரி போகும்போது நடைபாதை அதிர்கிறது.

அன்று தடியடியில் நினைவிழந்து சாலையில் கிடந்த அமீலியா பாயிண்டனின் படம் மறுநாள் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. படத்தில் அவர் வெறும் பாதிக்கப்பட்ட பெண். உண்மையில் 1930-களிலிருந்தே இந்த ஊரில் ஆட்களை வாக்காளராகப் பதிவு செய்யப் பாடுபட்டவர் அவர். கிங்கை செல்மாவுக்கு வரச் சொல்லி அழைத்தவர்களிலும் முக்கியமானவர். 2015-ல், ஐம்பது வருடம் கழித்து, சக்கர நாற்காலியில் ஒபாமாவோடு இதே பாலத்தைக் கடந்தார். சில மாதத்தில் காலமானார்.

இன்னொருவர் ஆனி லீ கூப்பர். வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காக வேலையை இழந்தவர். 1965 ஜனவரியில் வரிசையில் நின்றபோது ஷெரீஃப் ஜிம் கிளார்க் அவரைத் தள்ள, திரும்பி ஒரு குத்து விட்டார். அகிம்சைப் போராட்டத்தில் அது சேராதுதான். மருமகளுக்கு அவரைத்தான் ரொம்பப் பிடித்தது.

நாங்கள் பார்க்க நினைத்த ஒரு இடம் இன்று மூடியிருந்தது. இணையத்தில் திறந்திருக்கும் என்று போட்டிருந்தது, வாசலில் பூட்டு. திரும்பும் வழியில் சாலையோர மேட்டில் வயோலா லியூசோவின் நினைவுக்கல். டெட்ராய்டிலிருந்து தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்காரப் பெண், ஐந்து குழந்தைகளின் தாய். நடைப்பயணம் முடிந்த மார்ச் 25 இரவு, ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது குக்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆட்களின் காரிலேயே எஃப்.பி.ஐ.யின் உளவாளி ஒருவனும் இருந்தான். அதை மறைக்க எஃப்.பி.ஐ. அவருடைய ஒழுக்கத்தைப் பற்றியே வதந்தி கிளப்பியது. ஐந்து பிள்ளையை விட்டுவிட்டு இவளுக்கு இங்கே என்ன வேலை என்று ஊரும் கேட்டது. ஐந்து பிள்ளை பெற்ற ஆண்கள் எத்தனை பேர் அந்த நடையில் இருந்தார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கல்லைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள்.

நான்காம் நாள், பர்மிங்ஹாம்

மழை. பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை 10.22-க்கு, குக்ளக்ஸ் கிளான் ஆட்கள் வைத்த குண்டு வெடித்ததில் அடித்தளத்தில் பெண்களுக்கான அறையில் இருந்த நான்கு சிறுமிகள் இறந்தார்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர். டெனிஸுக்கு 11 வயது, மற்ற மூவருக்கும் 14. ஆடியின் தங்கை சாரா உயிர் பிழைத்தாள், ஒரு கண் போய்விட்டது. மாடியில் வேல்ஸ் நாட்டு மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டு அனுப்பிய வண்ணக் கண்ணாடி ஜன்னல். கறுப்பு இயேசு கைகளை விரித்து நிற்கிறார். ஒருவரே பெரிய தொகை தரக்கூடாது என்று வரம்பு வைத்துத் திரட்டினார்களாம்.

அந்தக் குண்டுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் கூடிய பேரணி. கிங்கின் கனவுப் பேச்சு எல்லோருக்கும் தெரியும். முக்கியப் பேச்சாளர் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை என்பது எனக்கு இந்தப் பயணத்தில்தான் தெரிந்தது. உரிமைப் போராளி டெய்சி பேட்ஸ் சில வாக்கியம் மட்டும் பேசினார். ரோசா பார்க்ஸ் உட்பட முன்னணிப் பெண்களை வேறு தெரு வழியாக நடத்திக் கூட்டிப்போனார்கள்.

நாஷ்வில் போகும் மூன்று மணி நேரமும் மழை விடவில்லை. மருமகளுக்கு ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை. ஒவ்வொரு வேலை விளம்பரத்தின் அடியிலும் இனம், நிறம், மதம், பாலினம், பூர்விகம் பார்க்க மாட்டோம் என்று ஒரு வரி ஒட்டுவாளாம். அதில் 'பாலினம்' எப்படி வந்தது என்பதைத் தேடிப் படித்துவிட்டு மோட்டலில் சொன்னாள். 1964 சிவில் உரிமை மசோதாவில் அந்த வார்த்தையைச் சேர்க்கச் சொன்னவர் அந்த மசோதாவையே எதிர்த்த வர்ஜீனியாக்காரர் ஹோவர்ட் ஸ்மித். மசோதாவைக் கவிழ்க்கச் செய்த தந்திரம் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் பெண்களின் சம உரிமைத் திருத்தத்தை அவர் நெடுநாளாக ஆதரித்தவர் என்பதும் உண்மை. எப்படியோ, சபையில் ஒரே சிரிப்பு. மிச்சிகனின் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்து, பெண்கள் இரண்டாந்தரம் என்பதற்கு இந்தச் சிரிப்பைவிட வேறு சாட்சி வேண்டாம் என்றார். வார்த்தையைச் சேர்ப்பது 168-க்கு 133 என்று நிறைவேறியது. "நான் தினமும் காப்பி பேஸ்ட் பண்றது இதைத்தானா அத்தை" என்றாள்.

ஐந்தாம் நாள், நாஷ்வில்

ஊர் முழுக்கப் பாட்டுக் கச்சேரி. காலை பத்து மணிக்கே கிடார். நாங்கள் நேராக ஹெர்மிடேஜ் ஓட்டலுக்குப் போனோம். தங்குவதற்கில்லை, அந்த வாடகைக்கு நான் ஒரு சேலை எடுத்துவிடுவேன். முன்கூடத்தை எட்டிப் பார்க்கத்தான்.

1920-ல் பெண்களுக்கு வாக்குரிமை தரும் 19-வது சட்டத்திருத்தத்துக்கு 48 மாநிலங்களில் 36 ஒப்ப வேண்டும். 35 வந்துவிட்டது. கடைசி ஒன்று டென்னசி. ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் இதே ஓட்டலில் தங்கி மாநிலச் சட்டசபை உறுப்பினர்களைப் பிடித்தார்கள். ஆதரவுக்கு மஞ்சள் ரோஜா, எதிர்ப்புக்குச் சிவப்பு. எதிர்ப்பாளர்கள் எட்டாவது மாடியில் விஸ்கியும் ஓடவிட்டார்கள், மதுவிலக்கு நாட்டில்! இன்றைக்கு இந்த ஓட்டலில் பிரசித்தி பெற்றது எது தெரியுமா? ஆண்கள் கழிவறை. பச்சைக் கண்ணாடி பதித்து பளபளவென்று இருக்குமாம். பெண்கள் வாக்கு வாங்கிய கட்டடத்தில் அதைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 18. 24 வயது ஹாரி பர்ன், சபையிலேயே இளையவர், சட்டையில் சிவப்பு ரோஜா. பையில் அம்மா ஃபெப் பர்ன் எழுதிய கடிதம். அதில் பாதி ஊர்க்கதை, வீட்டுக்கதை. நடுவே, பெண்களுக்கு வாக்குப் போடு, அவர்களைச் சந்தேகத்தில் வைக்காதே, நல்ல பிள்ளையாக இரு என்று ஒரு வரி. பெயர் கூப்பிட்டதும் ஆமாம் என்றுவிட்டார், டென்னசி ஒப்பிவிட்டது. அம்மா சொல்வதைக் கேட்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்று மறுநாள் விளக்கம். இதை மகனுக்கு உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்தான், பதில் இல்லை.

செல்மாவுக்குப் போகாமல் முதலில் இங்கே வந்திருந்தால் இதோடு சிரித்துவிட்டுப் போயிருப்பேன். 1920-க்கும் செல்மாப் பாலத்துக்கும் நடுவில் 45 வருடம். சட்டப்படி அமீலியா பாயிண்டனைப் போன்றவர்களுக்கும் வாக்கு உண்டு. வாங்க முடிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். சென்டெனியல் பூங்காவில் போராடிய ஐந்து பெண்களுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. நடந்து வருகிற மாதிரி. அதில் ஒருவர் தேசியத் தலைவி கேரி சாப்மன் கேட். பெண்கள் வாக்கு வெள்ளையர் ஆதிக்கத்தைக் குறைக்காது, கூட்டும் என்று 1917-ல் எழுதித் தென் மாநிலங்களைச் சமாதானம் செய்தவர். அவரோடு சேர்ந்து நடப்பவர்களில் ஃபிராங்கி பியர்ஸ், கறுப்பினப் பெண். 1920 மே மாதம் சட்டசபைக் கூடத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் முன் நின்று, வாக்கு கிடைத்தால் உங்கள் பக்கம் நிற்போம், எங்களுக்கு நியாயமாக நடந்துகொள்ளுங்கள், அது போதும் என்று கேட்டவர். கறுப்பினச் சிறுமிகளுக்கு ஒரு தொழிற்பள்ளி வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 1923-ல் அந்தப் பள்ளி திறந்தது. ஐந்து பேரையும் ஒரே பீடத்தில் வைத்த சிற்பிக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது.

கடைசியாக நகர நூலகம். இரண்டாவது மாடியில் சிவில் உரிமை அறை. 1960-ல் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கடைகளின் சாப்பாட்டு மேசைகளில் மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். அதற்கு மாதக்கணக்காகப் பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். நாகபுரியில் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று வருடம் இருந்தவர். மாண்ட்கோமரி புறக்கணிப்புச் செய்தியையே அங்கே பத்திரிகையில்தான் படித்தார். மாணவர் தலைமைக்கு வந்தவர் 21 வயது டயான் நாஷ். ஏப்ரல் 19 அன்று, மாணவர்களுக்காக வாதாடிய வக்கீல் ஒருவரின் வீட்டில் குண்டு வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் மௌனமாக நடந்து மேயரிடம் போனார்கள். ஒருவரை நிறத்தை வைத்து மட்டும் ஒதுக்குவது சரியா என்று படிக்கட்டிலேயே நேருக்கு நேர் கேட்டார் நாஷ். சரியில்லை என்று மேயர் ஒப்புக்கொண்டார். மூன்று வாரத்தில் சாப்பாட்டு மேசைகள் திறந்தன.

அந்த மேசை மாதிரியே ஒன்றை அறையில் வைத்து, சுற்றிலும் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். மாணவர்களுக்குக் கொடுத்த விதிகள் மேசையில் பொறித்திருக்கின்றன. திட்டினாலும் திருப்பித் திட்டாதே, அடிக்காதே. சத்தமாகச் சிரிக்காதே. நிமிர்ந்து உட்கார், மேசையைப் பார்த்தே இரு. இதையும் அன்றைக்குச் சைக்ளோஸ்டைலில்தான் ஓட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யார் கை மை ஆயிற்றோ.

நான் ஒரு ஸ்டூலில் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதுகுக்குச் சாய்மானம் இல்லை. பத்து நிமிடத்தில் இடுப்பு பேச ஆரம்பித்தது. நூலகத்தை மூடப் போகிறோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

"அத்தை, எழுந்திருங்க. அட்லாண்டா நாலு மணி நேரம், ராத்திரி ஆயிடும்."

மேசையைக் காட்டினேன். தலைவர் உத்தரவு கொடுக்கும்வரை இடத்தைவிட்டு எழாதே என்று ஒரு விதி.

அவள் படித்தாள். "சரி, அஞ்சு நாளா வண்டி ஓட்டினது நான்தானே. உத்தரவு குடுக்கிறேன், வாங்க."